கட்டும் உரிமையை விற்றவர்கள்

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்தால் மரின் மாவட்டம் தொடங்குகிறது. சற்றுத் தொலைவில் டென்னசி பள்ளத்தாக்கு. அங்கே வண்டியை நிறுத்திவிட்டு நானும் என் சித்தப்பா மகனும் ஒரு மண் பாதையில் ஏறினோம். மார்ச் மாதம். குளிர்கால மழையைக் குடித்த குன்றுகள் பச்சைப் பசேலென்று கிடந்தன. நடந்து செல்பவர்களுக்கான பாதை இவ்வளவு அகலமாக இருக்க வேண்டியதில்லை. 1960-களில் இங்கே எழும்பவிருந்த ஒரு நகரத்துக்காக வெட்டிய சாலை இது.

அந்த நகரத்துக்கு மரின்செல்லோ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். தாமஸ் ஃப்ரூஜ் என்ற கட்டுமான முதலாளி, கல்ஃப் ஆயில் நிறுவனத்தின் பணத்தோடு, சுமார் 2,100 ஏக்கரில் 30,000 பேர் குடியிருக்கத் திட்டம் தீட்டினார். வரிசையாக அடுக்குமாடிக் கோபுரங்கள். 1965-இல் மாவட்ட நிர்வாகம் அனுமதியும் கொடுத்துவிட்டது. உள்ளூர் மக்கள் வழக்குப் போட்டார்கள், வேலை இழுத்துக்கொண்டே போனது, ஃப்ரூஜ் இறந்துபோனார். கடைசியில் நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு 1972-இல் 65 லட்சம் டாலருக்கு நிலத்தை வாங்கித் தேசியப் பூங்காவோடு சேர்த்தது. மிஞ்சியது சாலையும் பெயரும். இன்று அது மரின்செல்லோ நடைபாதை.

மேட்டிலிருந்து பார்த்தால் எதிரே சான்பிரான்சிஸ்கோவின் கட்டடங்கள் தெரிகின்றன. "அக்கா, இவ்வளவு பக்கத்துல இவ்வளவு நிலம் சும்மா கிடக்கே" என்றான் தம்பி. அவன் சான் ஹோசேயில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். வருஷக்கணக்காக வாடகை வீடு. அந்தப் பேச்சு பயணம் முழுக்க எங்களோடு வந்தது.

நான் பார்க்க வந்தது பூங்காவை அல்ல. பணம் திரட்டி, நிலத்தை மொத்தமாக வாங்கி, வேலி போட்டு அரசிடம் ஒப்படைப்பது ஒரு வழி. எல்லா இடத்திலும் அது முடியாது. எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்துக்கொண்டிருப்பவரை வெளியேற்றிவிட்டு அந்தப் புல்வெளியைக் காப்பாற்றினோம் என்று சொல்வதில் எனக்கு மனம் ஒப்புவதில்லை. நிலம் அவரிடமே இருக்க, அதில் மனை போடும் உரிமையை மட்டும் பிரித்தெடுத்து விலைக்கு வாங்கிவிட முடியுமா? முடியும் என்று இந்த மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் செய்து காட்டியிருக்கிறார்கள். அதற்குக் கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் என்று பெயர். அதைத் தேடித்தான் வந்தேன்.

நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் வண்டிப்பாதை பாத்தியம், கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பாத்தியம் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். நிலம் ஒருவருக்கு, அதில் ஓர் உரிமை இன்னொருவருக்கு. யார் கைக்கு நிலம் மாறினாலும் அந்தப் பாத்தியமும் கூடவே போகும். ஈஸ்மென்டும் இந்த வகைதான். ஆனால் இங்கே வாங்குகிறவர் அந்த உரிமையைப் பயன்படுத்துவதற்காக வாங்குவதில்லை. யாரும் எப்போதும் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக வாங்குகிறார். நம் ஊரில் வில்லங்கச் சான்று போட்டால் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று பதறுவோம். இவர்கள் தங்கள் சொந்த நிலத்தின் மேல், தெரிந்தே, என்றென்றைக்குமாக ஒரு வில்லங்கத்தை ஏற்றிப் பதிவு செய்கிறார்கள்.

கணக்கு எளிது. ஒரு பண்ணையை இன்றைய சந்தையில் விற்றால் 40 லட்சம் டாலர் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மனை பிரிக்கக் கூடாது, மாளிகை கட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு அதே பண்ணை 25 லட்சத்துக்குத்தான் போகும் என்கிறார் மதிப்பீட்டாளர். நடுவிலிருக்கும் 15 லட்சம்தான் ஈஸ்மென்டின் விலை. நில அறக்கட்டளை அதைப் பணமாகக் கொடுக்கும். பண்ணைக்காரர் தானமாகவே விட்டுக்கொடுத்தால், அந்த மதிப்பை வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.

லூகாஸ் பள்ளத்தாக்குச் சாலையில் மேற்கே திரும்பினோம். ரெட்வுட் மரங்களின் நிழல் முடிந்து நிகாசியோ வந்ததும் வெளி திறந்துகொண்டது. ஒரு சின்ன சதுக்கம், ஒரு வெள்ளை மரத் தேவாலயம், சுற்றிலும் குன்றுகள். மாடுகள், ஓடையோரம் வில்லோ மரங்கள், காற்றுத் தடுப்பாக நட்ட யூகலிப்டஸ் வரிசை. பெருநகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுகூட இல்லாத இடம். சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் திண்டிவனம் சாலையில் போனால் என்ன பார்ப்போம் என்று எல்லோருக்கும் தெரியும்: கொடி கட்டிய கல் நட்டு, பெயர்ப்பலகை வைத்த மனைகள்.

இங்கேயும் அப்படித்தான் ஆகியிருக்கும். 1960-களில் மாவட்டம் போட்ட திட்டத்தில், டொமாலஸ் விரிகுடாவைச் சுற்றி லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் நகரமும், அதற்கு விரைவுச் சாலைகளும் இருந்தன. நிலத்தரகர்கள் பண்ணை வாசல்களில் நின்றார்கள். நாளைக்கு ஊர் வரப்போகிறது என்று தெரிந்த விவசாயி கொட்டகைக்குப் புதுக் கூரை போடமாட்டார். மண்ணுக்கு எரு போடமாட்டார். பிள்ளையை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார். விற்பதற்கு வெகு முன்பே பண்ணை செத்துவிடுகிறது. 1970-களின் தொடக்கத்தில் நிர்வாகத்துக்கு வந்த புதியவர்கள் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, மேற்கு மரினின் விவசாய நிலத்தில் 60 ஏக்கருக்கு ஒரு வீடுதான் என்று விதி போட்டார்கள். துணிச்சலான விதி. ஆனால் அது ஓட்டெடுப்பில் வந்தது. இன்னொரு ஓட்டெடுப்பில் போய்விடலாம். இன்னொரு குறையும் உண்டு. 60 ஏக்கரை வாங்கி நடுவில் ஒரு மாளிகை கட்டிக்கொள்ளும் பணக்காரரை இந்த விதி தடுக்காது. அவருக்கு மாடு தேவையில்லை. பண்ணைக்காரர்களின் கோபத்திலும் நியாயம் இருந்தது. நிலத்தின் விலைதான் அவர்களுடைய முதுமைக்கான சேமிப்பு. அதில் பாதியை ஒரு நள்ளிரவில் சட்டம் எடுத்துக்கொண்டதே என்றார்கள்.

இந்த இடத்தில்தான் இரண்டு பெண்கள் வருகிறார்கள். மார்ஷல் என்ற விரிகுடாக் கரை ஊரில் பால் பண்ணை நடத்திய எல்லன் ஸ்ட்ராஸ், ஈரநிலங்களை ஆராய்ந்த உயிரியலாளர் ஃபிலிஸ் ஃபேபர். எல்லன் நெதர்லாந்தில் பிறந்த யூதப் பெண். நாஜிகளிடமிருந்து குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா வந்தவர். சூழலியலாளர்களுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் பேச்சுவார்த்தையே இல்லாதிருந்த காலத்தில், இந்த இருவரும் பேசினார்கள். 1980-இல் மரின் விவசாய நில அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். விவசாய நிலத்துக்காக மட்டுமே அமெரிக்காவில் எழுந்த முதல் நில அறக்கட்டளை அது. எல்லனின் மகன் ஆல்பர்ட் ஸ்ட்ராஸ் 1994-இல் அதே பண்ணையை, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே சான்றிதழ் பெற்ற முதல் இயற்கைவழிப் பால் பண்ணையாக மாற்றினார். கண்ணாடிப் புட்டியில் வரும் அந்தப் பாலைத் தம்பியும் வாங்கிக்கொண்டிருக்கிறான். இந்தக் கதை அவனுக்குத் தெரியாது.

ஈஸ்மென்டை இவர்கள் கண்டுபிடிக்கவில்லை. வில்லியம் வைட் என்ற எழுத்தாளர் 1959-இலேயே அதை விளக்கி எழுதிவிட்டார். கலிபோர்னியாவில் 1979-இல் சட்டமும் வந்துவிட்டது. விவசாயிக்கும் அது பயன்படும் என்று காட்டியதுதான் இவர்கள் வேலை. பணம் பொதுமக்களிடமிருந்து வந்தது. 1988-இல் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பில் நிறைவேறிய கடன் பத்திரத் திட்டத்தில் மரின் பண்ணைகளுக்கென்று 1.5 கோடி டாலர் கிடைத்தது. 2012-இல் மாவட்ட மக்கள் தங்கள் விற்பனை வரியில் கால் சென்ட் கூட்டிக்கொள்ள வாக்களித்தார்கள். பூங்காக்களுக்கும் விவசாய நிலத்துக்கும் அது போகிறது. 2022-இல் மீண்டும் வாக்களித்து நீட்டித்தார்கள். இன்று 50,000 ஏக்கருக்கு மேல் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. மாவட்டத்தின் விவசாய நிலத்தில் ஏறக்குறைய பாதி.

மார்ஷலுக்குப் போகும் முன் விரிகுடாவின் அக்கரையைப் பார்த்துவிட வேண்டும் என்று பாயிண்ட் ரெய்ஸ் தீபகற்பத்துக்குள் போனோம். டொமாலஸ் விரிகுடாவின் அடியில் சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு ஓடுகிறது. இந்தக் கரை வட அமெரிக்கக் கண்டத் தட்டு, அந்தக் கரை பசிபிக் தட்டு. 1906 நிலநடுக்கத்தில் இங்கே நிலம் 20 அடி வரை விலகிப்போனது. நான் பார்க்க விரும்பிய பிளவு வேறு.

தீபகற்பத்தில் பல பண்ணைகளுக்குப் பெயர் இல்லை, எழுத்துதான். ஏ பண்ணை, பி பண்ணை என்று ஆங்கில நெடுங்கணக்கு வரிசையில் 19-ஆம் நூற்றாண்டில் ஷாஃப்டர் குடும்பத்தார் பிரித்துக் குத்தகைக்கு விட்டார்கள். இங்கே கடைந்த வெண்ணெய் கப்பலில் சான்பிரான்சிஸ்கோ போனது. 1962-இல் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் இதைத் தேசியக் கடற்கரையாக்கியது. இன்று சுமார் 71,000 ஏக்கர். அரசு நிலத்தை வாங்கிக்கொண்டு, பண்ணைக்காரர்களைக் குறிப்பிட்ட காலம் வரை இருந்துகொள்ளச் சொன்னது. பிறகு குத்தகையாக நீட்டித்தது. அப்பனும் பாட்டனும் சொந்தக்காரர்களாக இருந்த மண்ணில் பிள்ளைகள் குத்தகைதாரர்கள் ஆனார்கள். கழிவு ஓடைகளில் கலக்கிறது, தூல் எல்க் மான்கள் மாடுகளுக்காக அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. 2012 முதல் 2014 வரை நீண்ட வறட்சியில், வேலிக்குள் இருந்த மான்களில் ஏறக்குறைய பாதி செத்துப்போயின. 2025 ஜனவரியில் சமரசம் வந்தது. பூங்காவுக்குள் எஞ்சியிருந்த 14 பண்ணைகளில் 12, இழப்பீடு வாங்கிக்கொண்டு 15 மாதத்தில் வெளியேற வேண்டும் என்று முடிவானது.

நாங்கள் போனபோது கொட்டகைகளில் இன்னும் மாடு இருந்தது. ஒரு பண்ணையின் ஓரத்தில் தொழிலாளர் குடியிருப்பு, துணி காய்ந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள். நிலம் அவர்கள் பெயரிலும் இல்லை, குத்தகை அவர்கள் பெயரிலும் இல்லை. சுற்றுவட்டாரத்தில் அவர்கள் சம்பளத்துக்கு வீடும் இல்லை. எல்க் மான்கள் தடையின்றித் திரியட்டும், எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் இந்தக் கொடித்துணிகளைப் பார்த்த பிறகு அந்தச் சமரசத்தை வெற்றி என்று மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்கு வந்தால் அதே புல், அதே மூடுபனி, அதே கறுப்பு வெள்ளை மாடுகள். பண்ணைக்காரர்கள் மட்டும் கிளம்பப் போவதில்லை. அக்கரையில் இருந்தவர்கள் நிலத்தை விற்றார்கள். இக்கரையில் இருந்தவர்கள் கட்டும் உரிமையை மட்டும் விற்றார்கள். ஐம்பது அறுபது ஆண்டு கழித்து அந்த வேறுபாடு வாழ்க்கையையே தீர்மானித்திருக்கிறது. அக்கரைக்காரர்களுக்கு அன்றைக்கு இப்படி ஒரு வழி இருந்ததே தெரியாது. யாரும் நீட்டவும் இல்லை.

உள்ளே தள்ளியிருந்த ஒரு பண்ணையில் எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த போர்த்துகீசியரின் பேத்தி, எழுபது வயதைத் தாண்டிய பெண்மணி. அப்பா இறந்தபோது மூன்று பேர் வாரிசுகள். இவருக்கு மட்டும்தான் மாடு வளர்க்க ஆசை. அண்ணனும் தங்கையும் நகரத்தில். பாகம் பிரித்தால் பண்ணை மூன்று துண்டு. விற்றால் மூவருக்கும் பணம். ஈஸ்மென்டில் வந்த தொகையை வைத்து உடன்பிறந்தவர்களின் பங்கைக் கொடுத்துவிட்டு நிலத்தை முழுசாக வைத்துக்கொண்டார். "அண்ணனோடு சண்டை போடாமல் முடிந்தது. அதுதான் எனக்குப் பெரிசு" என்றார். பாகப்பிரிவினையில் வயலும் உறவும் சேர்ந்தே கெட்ட வீடுகளை நமக்குத் தெரியாதா என்ன. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு வரப்பு உண்டு.

அன்றைக்கு அறக்கட்டளையிலிருந்து ஓர் இளைஞர் ஆண்டுப் பார்வைக்கு வந்திருந்தார். ஈஸ்மென்ட் கையெழுத்தானதும் நிலத்தின் அன்றைய நிலையை வரைபடமும் புகைப்படமுமாக ஓர் ஆவணத்தில் பதிந்துவிடுகிறார்கள். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் அதை எடுத்துக்கொண்டு வந்து நடக்கிறார். அதே மேட்டில் நின்று அதே திசையில் படம் எடுக்கிறார். புதுக் கட்டடம் வந்திருக்கிறதா, ஓடைக்கரை அரித்திருக்கிறதா, எங்கேயாவது அளவுக்கு மீறி மேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். கோடை முடிவில் தரையில் எவ்வளவு காய்ந்த புல் எஞ்சியிருக்கிறது என்பதும் கணக்கு. முதல் மழையில் மண் கரையாமல் இருக்க அது வேண்டும். ஒரு சதுப்பில் கால் புதைந்தபடி அவர்கள் இருவரும் ஒரு மதகுக் குழாயைப் பற்றி வெகுநேரம் வாதம் செய்தார்கள். நிரந்தரம் என்று பத்திரத்தில் எழுதிவிடலாம். அதை நிரந்தரமாக வைத்திருப்பது இந்த நடைதான். அறக்கட்டளை இல்லாமல் போனால்? சட்டப்படி வேறோர் அமைப்புக்கோ அரசுக்கோ அந்தப் பொறுப்பு மாறும். ஆனால் வந்து நடக்கவும், மீறினால் வழக்கு நடத்தவும் பணம் எப்போதும் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். இதைப் பற்றிப் பேசும்போது அந்த இளைஞரின் குரலில் கவலை இருந்தது.

கவலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாளிகைக்காரர் மறுபடி வருகிறார். ஈஸ்மென்ட் நிலத்தில் ஏற்கெனவே ஒரு வீடு இருந்தால், அதை வாங்கி, பெருக்கிக் கட்டி, புல்வெளியை வெறும் காட்சிக்காக வைத்துக்கொள்ளலாம். மனை பிரியவில்லை, விதி மீறவில்லை, பண்ணை மட்டும் இல்லை. அதனால்தான் இப்போது எழுதும் பத்திரங்களில், நிலம் விவசாயத்தில் இருந்தே ஆக வேண்டும் என்ற பிரிவையும் சேர்க்கிறார்கள். இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கட்டடம் வராமல் தடுப்பதோடு காவல் முடிந்துவிடுவதில்லை.

நாட்டின் வேறு பகுதிகளில் இதே கருவி மோசமாகக் கெட்டது. முதலீட்டாளர்கள் கூட்டாக ஒரு நிலத்தை மலிவாக வாங்குவார்கள். இங்கே பெரிய குடியிருப்பு வந்திருக்கும் என்று ஒரு மதிப்பீட்டாளர் பல மடங்கு விலை போடுவார். உடனே ஈஸ்மென்டைத் தானம் செய்து, கொடுத்த பணத்தைப் போல் பல மடங்கை வரிக்குரிய வருமானத்தில் கழிப்பார்கள். 2016 இறுதியில் அமெரிக்க வருமான வரித் துறை இதை வரி தவிர்ப்பு வகையாக அறிவித்தது. 2022 டிசம்பரில் வந்த சட்டம், இத்தகைய கூட்டு நிறுவனங்கள் போட்ட முதலைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் கழிக்க முடியாது என்று நிறுத்தியது. உண்மையான விவசாயி கையெழுத்திடும் அதே பெயருள்ள பத்திரத்தை வைத்துப் பொதுப்பணத்தைச் சுருட்டியவர்கள்மேல் எனக்கு வரும் கோபம் சின்னதல்ல. அவர்களால் நல்ல பண்ணைக்காரர்களும் தணிக்கைக்கு அஞ்ச வேண்டியதாயிற்று.

மதிய உணவுக்கு உட்கார்ந்தபோது தம்பி தன் கேள்வியைக் கேட்டேவிட்டான். "நிலத்த பூட்டி வெச்சா விலை ஏறத்தானே செய்யும்? இங்க வேலை செய்யறவங்க எங்க போய் குடியிருப்பாங்க?" நான் சங்கடப்பட்டேன், அந்தப் பெண்மணி படவில்லை. மரின் இந்த நாட்டின் விலை உயர்ந்த மாவட்டங்களில் ஒன்று. குன்றுகளைக் காப்பாற்றிய அதே ஊர்கள், தங்கள் தெருவில் அடுக்குமாடி வேண்டாம் என்றும் எதிர்த்தன. இரண்டையும் ஒரே அன்பாகக் கருத முடியாது. பள்ளத்தாக்கில் புல் இருக்க வேண்டுமானால் ரயில் நிற்கும் இடத்தில் மாடி வீடுகள் எழும்பியே ஆக வேண்டும். முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதைத் தடுத்தால் தம்பி கேட்டதற்குப் பதிலே கிடையாது. அவனிடம் அதை ஒப்புக்கொண்டேன்.

இன்னொரு கேள்வியை நானே கேட்டேன். என்றென்றைக்கும் என்கிறீர்களே, உங்கள் தாத்தா வருவதற்கு முன் இது யார் நிலம்? "கடற்கரை மீவோக் மக்களுடையது" என்றார் தயங்காமல். கலிபோர்னியாவில் 2004-இல் செய்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பழங்குடி அமைப்புகளே ஈஸ்மென்டை வைத்திருக்க முடியும். தங்கள் மூதாதையர் வாழ்ந்து, புதைந்த இடங்களை, இன்னொருவர் பெயரில் பட்டா இருந்தாலும், சட்டப்படி காவல் காக்கும் உரிமை. பறித்த மண்ணை அது திருப்பித் தந்துவிடாது. ஆனாலும் இந்தக் கருவியின் எல்லாப் பயன்களிலும் என்னை அதிகம் தொட்டது இதுதான்.

மாலை காற்று மேற்கிலிருந்து மூடுபனியைத் தள்ளிக்கொண்டு வந்தது. பெண்மணி மேசையில் ஒரு வரைபடத்தை விரித்திருந்தார். அவருடைய பத்திரத்தில் வீட்டையும் கொட்டகைகளையும் சுற்றி ஒரு கோடு போட்டு, அதற்குள் மட்டும் பண்ணைக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அதற்குள் தொழிலாளர்களுக்கு இரண்டு வீடுகள் கட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். அக்கரைப் பண்ணையில் வேலை செய்த ஒரு குடும்பத்தை வரச் சொல்லியிருக்கிறார். அறக்கட்டளை சம்மதித்துவிட்டது. கழிவுநீர்த் தொட்டி ஓடையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதில்தான் மாவட்ட அலுவலகம் நிற்கிறது. இளைஞர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டார். தம்பி மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். மூவரும் ஓடையை நோக்கி இறங்கினார்கள்.